மழை எச்சரிக்கைத் தாள்: அவசர அழைப்பு எடுப்பவருக்குப் போதுமா?

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் மூன்று மொழியிலும் விடும் பலத்த மழை எச்சரிக்கை பொதுமக்களுக்கு நல்ல தாள்தான். வெளியிட்ட நேரம், செல்லுபடியாகும் காலம், ஆபத்தின் அளவைக் காட்டும் நிறம் எல்லாம் தலைப்பிலேயே இருக்கும். ஆனால் 117 (அனர்த்த முகாமைத்துவம்), 1990 (அம்புலன்ஸ்) அழைப்புகளை எடுப்பவருக்கு அது பாதி வேலைதான்.

“திருகோணமலை மாவட்டத்தில் 100 மி.மீற்றருக்கும் அதிகமான மழை” என்ற வரியையே எடுங்கள். மாவட்டத்தில் 11 பிரதேச செயலாளர் பிரிவுகள். எந்தப் பிரிவு? எத்தனை மணித்தியாலத்தில்? நாள் முழுக்கத் தூறி வந்த 100 மி.மீற்றரைக் கந்தளாய் வயல் குடித்துவிடும். அதுவே மூன்று மணித்தியாலத்தில் கொட்டினால் நகரத்து வடிகான் தாங்காது. தாளில் இல்லையென்றால் கேட்டு எழுதத்தான் வேண்டும்.

அடிக்கடி நடக்கும் குழப்பம் இன்னொன்று. காலை 8.30 மணிக்கு வரும் மழைவீழ்ச்சி எண், முடிந்துபோன 24 மணித்தியாலத்தின் கணக்கு. அதை வரப்போகும் மழையாக வாசித்தால் வாகனங்கள் ஒரு நாள் பிந்திய இடத்தில் நிற்கும். காற்றிலும் அப்படியே: 40 நொட் (மணிக்கு 40 கடல் மைல்) என்பது மணிக்கு 74 கி.மீ., 40 கி.மீ. அல்ல. சர்வதேச நேரத்தில் (UTC) வரும் வரைபடத்தை இலங்கை நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும்.

இதே மாவட்டத்து வெருகல், மூதூர், கிண்ணியா கதை வேறு. உள்ளூரில் வெயில் எறித்தாலும் மலையகத்தில் பெய்தது மகாவலி ஆற்றால் இறங்கி வரும். எனவே மழைத் தாளோடு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று மட்டத்தையும் சேர்த்து வாசிக்காத எச்சரிக்கை அங்கே பயனில்லை. இந்த இரண்டும் தனித்தனியாக வருவதே இந்தச் சேவையின் பெரிய ஓட்டை.

புயலில் எல்லோரும் கரை கடக்கும் புள்ளியையே பார்ப்பார்கள். 2020 டிசம்பர் 2இல் புரெவி புயல் கரை கடந்தது திருகோணமலைக்கு வடக்கே. வெள்ளத்தில் தவித்தது யாழ்ப்பாணம்.

வானிலை அலுவலரிடம் எச்சரிக்கையைத் தொலைபேசியில் கேட்டு எழுதும்போது ஐந்து விடயம்: பிரிவு, தொடங்கும் நேரம், முடியும் நேரம், அளவும் அலகும், அடுத்த அறிவித்தல் எப்போது. எழுதியதை அப்படியே திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி: “இரவுக்குள் பாதை மூழ்குமா?” அதற்கு வானிலை அலுவலரிடம் பதில் இராது, பிரதேச செயலகத்தில் இருக்கும். மூதூர்ப் பக்கம் ஒரு அம்புலன்ஸை முன்கூட்டியே நிறுத்துவதா என்பது அந்தப் பதிலில்தான் தங்கியிருக்கிறது.