சாரிட்டி கடைகள்: எதை எங்கே வாங்குவது?

பிரிட்டனின் கடைவீதிகளில் அடுத்தடுத்து இருக்கும், அறப்பணிக்கு நிதி திரட்ட நடத்தப்படும் சாரிட்டி கடைகள் எல்லாவற்றையும் ஒரே வகை என்று எண்ணி உள்ளே நுழைபவர்கள், மலிவு என்ற நம்பிக்கையிலேயே கூடுதல் விலை கொடுத்துவிடுவது உண்டு. வறுமை ஒழிப்புக்கு உழைக்கும் ஆக்ஸ்ஃபாம், இதயநோய் ஆய்வுக்கு நிதி தரும் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் அந்தந்த வட்டாரத்து ஹாஸ்பிஸ் இல்லங்கள் ஆகிய மூன்றின் கடைகளும் பெரும்பாலும் நன்கொடையாக வந்த பொருள்களையே விற்கின்றன என்றாலும், விலையை யார், எதைப் பார்த்துக் குறிக்கிறார் என்பதில் வேறுபடுகின்றன.

1942-இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் தொடங்கப்பட்ட ஆக்ஸ்ஃபாமின் பலம் புத்தகங்கள். பல ஊர்களில் அதற்குப் புத்தகங்களுக்கென்றே தனிக் கடைகள் உண்டு. துறைவாரியாகப் பிரித்து அடுக்கியிருப்பதால் தேடி எடுப்பது எளிது. அரிய பதிப்பு ஒன்று கவனிக்கப்படாமல் ஒரு பவுண்டுக்குக் கிடைத்துவிடும் என்று மட்டும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். விவரம் தெரிந்த தன்னார்வலர்கள் சந்தை நிலவரத்தைப் பார்த்த பிறகே உட்பக்கத்து மூலையில் பென்சிலால் விலை எழுதுகிறார்கள். மதிப்பு மிக்கவை நிறுவனத்தின் இணையக் கடைக்குப் போய்விடவும் கூடும்.

உடைகளுக்கு என் தேர்வு ஹாஸ்பிஸ் கடைதான். இந்த இல்லங்கள், லண்டனில் தமிழர் மிகுதியாக வாழும் ஹாரோ வட்டாரத்துச் செயின்ட் லூக்ஸைப் போல, தம் சுற்றுவட்டாரத்திலேயே கடைகளை நடத்துகின்றன. இவற்றில் பலவும் சட்டைக்கு இவ்வளவு, ஸ்வெட்டருக்கு இவ்வளவு என்று வகைக்கு ஒரே விலை வைத்துவிடுகின்றன. அதனால் புதிதாகவே சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும் பிரைமார்க் சட்டைக்கு இங்கே கொடுப்பது வீண். அதே வரிசையில் அதே விலையில் தொங்கும் அசல் கம்பளி ஸ்வெட்டரோ கொள்ளை லாபம். பிராண்டைப் பார்த்து விலை வைக்கும் கடையில் இந்த வாய்ப்பு இல்லை. ஆகவே கழுத்துப் பட்டியில் உள்ள பெயரை விட்டுவிட்டு, உள்தையலில் இருக்கும் சிறு துணிப்பட்டையில் கம்பளி எத்தனை சதவீதம், அக்ரிலிக் எத்தனை சதவீதம் என்று படிக்க வேண்டும். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால், அக்குளிலும் மணிக்கட்டிலும் அந்துப்பூச்சி அரித்த ஊசித் துளைகள் தெரிந்துவிடும். பணக்காரப் பகுதிகளுக்குத் தேடிப் போகச் சொல்பவர்கள் உண்டு. அங்கே துணியோடு விலையும் சேர்ந்தே உயர்ந்திருக்கும்.

சோபா, மேசை, மின்சாதனம் என்றால் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனின் பெரிய கடைகளுக்கு இணை குறைவு. கொடுப்பவர் வீட்டுக்கே வந்து இலவசமாக எடுத்துச் செல்வதால் அவர்களிடம் சரக்கு நிறையச் சேர்கிறது. மெத்தை வைத்த இருக்கைகள் தீப்பாதுகாப்புக்கான 1988-ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டவை என்பதால், அதற்கான முத்திரைப் பட்டை இல்லாத சோபாவைச் சாரிட்டி கடைகள் ஏற்பதில்லை. இருக்கை மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அந்தப் பட்டை தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கட்டணம் தனி என்பதால், மலிவு சோபாவின் விலையை அதையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

ஞாயிறு காலைகளில் திடல்களில் நடக்கும் கார் பூட் சேலில், அதாவது வீட்டுப் பழைய பொருள்களைக் காரில் கொண்டுவந்து விற்கும் சந்தையில், பேரம் பேசலாம், விலையும் இன்னும் இறங்கும். பாத்திரத்துக்கும் பொம்மைக்கும் அதுவே போதும். மின் கெட்டிலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் மட்டும், சோதித்த அடையாளம் ஒட்டி விற்கும் கடைக்குக் கூடுதலாக இரண்டு பவுண்டு கொடுப்பதே மேல். திடலில் செருகிப் பார்க்கப் பிளக் பாயின்ட் கிடையாது, திரும்பக் கொண்டுபோனால் அந்தக் கார் அங்கே நிற்கும் என்பதற்கும் உறுதி இல்லை.