மருத்துவப் பணி நேர்காணல்: வினா-விடைத் தொகுப்பா, மாதிரி நேர்காணலா?

மருத்துவமனைப் பணிக்கான நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் வினா-விடைத் தொகுப்பைப் படிக்கின்றனர், அல்லது ஒருவரை எதிரில் அமர்த்தி மாதிரி நேர்காணல் செய்து பார்க்கின்றனர். இதயத் துடிப்பு நின்றுபோன பெரியவர்களுக்குச் செய்யும் சிபிஆர் முதலுதவியில் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.க்கு மிகாமலும் அழுத்த வேண்டும் என்பது போன்ற, மாற்றிச் சொல்ல இடமில்லாத விவரங்களுக்குத் தொகுப்பே போதும். உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள, கைகளைத் தூய்மை செய்ய வேண்டிய 5 தருணங்களும் அவ்வகையே.

ஆனால், “மருந்தின் அளவு தவறாக எழுதப்பட்டிருப்பதாகத் தோன்றினால் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்விக்கு மனப்பாடம் பாதி தூரம்தான் கைகொடுக்கும். மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி, எழுதிய மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து, அவர் கிடைக்காவிட்டால் பொறுப்புச் செவிலியரிடம் தெரிவித்து, நடந்ததைப் பதிவு செய்வேன் என்று தடையின்றிச் சொல்பவர்கூட, “மருத்துவர் கோபப்பட்டால்?” என்ற துணைக்கேள்வியில் திணறிவிடுவார். அந்தத் திணறலை முன்கூட்டியே வெளிக்கொணர்வது மாதிரி நேர்காணல்தான். கேட்பவர் அதே துறையில் அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். எதைச் சொன்னாலும் பாராட்டும் நண்பரால், மன்னிக்கவும், பயனில்லை.

நாள் குறைவாக இருந்தால், தொகுப்பை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, மீதி நேரத்தை வாய்விட்டுப் பேசிப் பழகுவதற்கே ஒதுக்குமாறு பரிந்துரைப்பேன்.