பேட்டரியை மாற்றச் சொன்னால் முதலில் கரண்ட் லீக்கேஜைப் பார்க்கச் சொல்லுங்கள்

திங்கட்கிழமை காலைகளில் மட்டும் என் கார் செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் வரும், டேஷ்போர்டு விளக்குகள் மங்கும், அவ்வளவுதான். மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை. சர்வீஸ் அட்வைசரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். அவர் ஜாப் கார்டில் "ஸ்டார்ட்டிங் பிரச்சினை" என்று மட்டும் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை என்ற வார்த்தை அதில் ஏறவே இல்லை. எனக்கு நேர்ந்த நஷ்டம் முழுக்க அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது: பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும். டெஸ்டர் காட்டிய எண்ணைக் கேட்டேன். "வீக் சார்" என்றார். முழு சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அது கிட்டத்தட்ட காலி. காலியாகக் கிடக்கும் பேட்டரியை அப்படியே டெஸ்ட் செய்தால் வீக் என்றுதான் வரும். நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பிறகுதான் அது கெட்டுப்போனதா, வெறும் பட்டினியா என்று தெரியும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. வாரண்டி இருந்ததே என்றால், அடியோடு டிஸ்சார்ஜ் ஆன பேட்டரிக்கு அது செல்லாது என்று ஒரு வரியைக் காட்டினார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து, மறுபடி ஒரு திங்கட்கிழமை.

இந்த முறை, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கை காட்டினார்கள். பேட்டரியைவிடப் பல மடங்கு செலவு. நல்லவேளையாக அதற்குள் வோல்ட், ஆம்பியர் அளக்கும் ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்கியிருந்தேன். வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தால் 14.2 வோல்ட். 13.8-லிருந்து 14.5 வரை வந்தாலே பெரும்பாலான கார்களில் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் செய்கிறது என்று பொருள். மீட்டரை அவர் முகத்துக்கு நேராக நீட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. மீட்டர் இல்லாமல் போயிருந்தால் அதையும் மாற்றியிருப்பார்கள், திங்கட்கிழமை நானும் ஏமாந்து நின்றிருப்பேன்.

பேனட்டைத் திறந்திருந்தபோதே இன்னொன்றும் கண்ணில் பட்டது. "புது" பேட்டரியின் மேல் இருந்த தயாரிப்புத் தேதி, எனக்கு அதைப் பொருத்திய நாளுக்குப் 11 மாதம் முந்தையது. ஈய-அமில பேட்டரி சும்மா அலமாரியில் கிடந்தாலும் மெல்ல மெல்லச் சார்ஜை இழக்கும். அந்த நிலையிலேயே நெடுநாள் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பில் போடும் முன்பே அந்தத் தேதியைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

பிறகு காரை இரண்டு நாள் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்" என்று திருப்பித் தந்தார்கள். நார்மலாகத்தானே இருக்கும்? மணிக்கு ஒரு தரம் வண்டியை எடுத்து நகர்த்திக்கொண்டே இருந்தால் அது எப்படிக் காலியாகும்?

கடைசியில் வெளியே ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். திங்கட்கிழமைக் கதையைக் கேட்டதுமே, "சனி, ஞாயிறு வண்டி நிக்குமா?" என்றார். அந்த ஒரு கேள்வியை மூன்று முறை போன இடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர் சாவியை எடுத்துத் தூரமாக வைத்தார். கதவின் லாட்சை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்ப வைத்தார். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவே மீட்டரைச் சேர்த்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். வண்டிக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் மாட்யூல்கள் எல்லாம் தூங்கப் போக அவ்வளவு நேரம் வேண்டுமாம். (வீட்டில் முயல்பவர்கள் மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.) நிற்கும் வண்டி பேட்டரியிலிருந்து இழுக்கும் கரண்ட்தான் லீக்கேஜ்; அது 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. என்னுடையது 0.5 இழுத்தது. வெள்ளி மாலை ஏழு மணியிலிருந்து திங்கள் காலை ஏழு வரை 60 மணி நேரம். 0.5 × 60 என்றால், 45 ஆம்பியர்-ஹவர் கொள்ளளவுள்ள பேட்டரியில் 30 போய்விடும். கணக்கு அவ்வளவுதான்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஆடியோ ஃபியூஸ் வெளியே வந்ததும் மீட்டர் 0.03-க்கு இறங்கியது. டெலிவரியின்போது ஷோரூம்காரர்களே பொருத்திக் கொடுத்த டச் ஸ்கிரீன்தான் திருடன். இக்னிஷனோடு சேர வேண்டிய சிவப்பு ஒயரையும், எப்போதும் கரண்ட் வரும் மஞ்சள் ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். திரை அணைந்தாலும் உள்ளே அது விழித்தே இருந்திருக்கிறது. ஒயரைப் பிரித்து உரிய இடத்தில் சேர்க்க அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

போட்டோ எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். அக்சசரீஸ் பிரிவு தனி, சர்வீஸ் பிரிவு தனி என்றார்கள். இரண்டு பில்லிலும் ஒரே பெயர், ஒரே முத்திரை என்று காட்டியதும் மேனேஜர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். அப்புறம் போன் வந்தது: வருத்தம் தெரிவிக்கும் விதமாக ஒரு இலவச வாட்டர் வாஷ் தருகிறார்களாம்.

எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கழற்றிய பழைய பேட்டரியையும் திருப்பிக் கேட்டேன்; சார்ஜ் ஏற்றிப் பார்த்தால் அது நல்ல பேட்டரியா இல்லையா என்பது தெரிந்துவிடும். அது அன்றைக்கே ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். பழைய பேட்டரிக்கு என்று பில்லில் ஒரு பைசாவும் கழித்திருக்கவில்லை.