கனடாவில் கடன் முற்றினால்: வங்குரோத்தா, புரபோசலா, காசை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதா?

கனடாவில் இருக்கும் தங்கச்சிக்கோ மருமகனுக்கோ கடனட்டைக் கடன் கழுத்தை முட்டினால், முதல் புத்திமதி பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்துதான் போகிறது. "வங்குரோத்து மட்டும் அடிச்சிடாதை பிள்ளை, பிள்ளையளின்ர காசையும் வெட்டிப்போடுவாங்கள்." அக்கறையில் சொல்வதுதான். இங்கே கடன்பட்டவர் நகையை அடைவு வைப்பார், காணியை ஈடு வைப்பார். வங்குரோத்து என்று யாரும் நீதிமன்றப் படி ஏறுவதில்லை. அதனால் பயம் இயல்பு. ஆனாலும் அந்தப் பயம் தவறான இடத்தில் விழுகிறது. நம் ஆட்கள் நிறைந்திருக்கும் ஒன்ராறியோவை வைத்துப் பார்ப்போம்.

18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக அரசு மாதாமாதம் போடும் காசை, வருமான வரிச் சட்டத்தின் 122.61 ஆம் பிரிவு வங்குரோத்துச் சட்டத்துக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் அதை மறிக்க முடியாது. தாய் தகப்பன் நினைத்தாலும் ஈடு வைக்க முடியாது. வங்குரோத்து ஆனவருக்கு வர வேண்டிய வரி மீளளிப்பு, வங்குரோத்தை நடத்த அனுமதி பெற்ற டிரஸ்டியின் கைக்குப் போகும், பிள்ளைக் காசு போகாது. புரபோசல், அதாவது கடனில் ஒரு பங்கை மட்டும் கட்டுவதாகக் கடன் கொடுத்தவர்களோடு செய்யும் ஒப்பந்தம், போட்டாலும் இதே பாதுகாப்புத்தான். சரி, அப்படியானால் எதை வைத்து வழியைத் தெரிவது?

ஏற்கனவே சேர்த்து வைத்த காசை வைத்துத்தான். முதலில் வங்கிக் கணக்கு. கடன் கொடுத்த அதே வங்கியில் பிள்ளைக் காசும் விழுந்தால், வங்கி தன் பாக்கிக்கு அந்தக் கணக்கில் கை வைக்கலாம். எந்த வழிக்குப் போனாலும், பத்திரங்களில் கையெழுத்து வைக்க முன்னரே, ஒரு சதமும் கடனில்லாத வேறொரு வங்கியில் கணக்குத் திறந்து, கொடுப்பனவை அங்கே மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது படிப்புச் சேமிப்பான ஆர்.இ.எஸ்.பி. நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். இங்கே இலங்கையில் வங்கியில் சிறுவர் கணக்குத் திறந்தால் அது பிள்ளையின் காசு. பொதுவாக 18 வயது வரை பெற்றோரும் தொட முடியாது. ஆர்.இ.எஸ்.பி.யும் அப்படித்தான் என்று நினைத்துப் பிள்ளைக் காசை மாதாமாதம் அதற்குள் போடுகிறார்கள். உண்மையில் அது போட்ட பெற்றோரின் சொத்து. அல்பேர்ட்டாவில் அதற்குப் பாதுகாப்பு உண்டு, ஒன்ராறியோவில் இல்லை. பெற்றோரின் ஓய்வூதியச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் கடைசி 12 மாதத்தில் போட்டதைத் தவிர மற்றது தப்பிவிடும். பிள்ளையின் படிப்புக் காசு தப்பாது. இது நியாயமாக எனக்குப் படவில்லை, ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் நிற்கிறது. வங்குரோத்தில் டிரஸ்டி ஆர்.இ.எஸ்.பி.யைக் கலைத்தால், அரசு சேர்த்துப் போட்ட மானியம் அரசுக்கே திரும்பிவிடும். அந்த மானியம் வருடத்தில் முதல் 2,500 டொலருக்கு 20 வீதம், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 7,200 டொலர் வரை. கலைக்காமல், அதன் பெறுமதியை டிரஸ்டிக்குக் கட்டி மீட்கவும் சில வேளை இடம் கிடைக்கும். கணக்கை அங்கேயுள்ள அம்மப்பா தன் காசில் தன் பெயரில் திறந்திருந்தால், மகளின் வங்குரோத்து அதைத் தொடாது.

புரபோசலில் சொத்து எதையும் ஒப்படைக்கத் தேவையில்லை, ஆர்.இ.எஸ்.பி. அப்படியே இருக்கும். இருக்கும் வீட்டின் கடனைத் தவிர்த்து மொத்தக் கடன் 250,000 டொலருக்கு மேற்படாதவர் போடலாம். கடனில் ஒரு பங்கை 5 வருடத்துக்குள் கட்டுவதாகச் சொல்ல, கடன்காரர் 45 நாளுக்குள் பதில் சொல்வார்கள். ஆனால் மூன்று தவணை தவறினால் எல்லாம் குலைந்து பழைய கடன் திரும்ப வந்து நிற்கும். முதல் தடவை வங்குரோத்து ஆனவர் வழக்கமாக 9 மாதத்தில் வெளியே வரலாம், வருமானம் கூடினவருக்கு 21 மாதம்.

என் கணிப்பு: ஆர்.இ.எஸ்.பி.யில் நல்ல தொகை இருந்து, வேலையும் நிலையாக இருந்தால் புரபோசல். சேமிப்பு எதுவும் இல்லை, சம்பளமும் ஆடிக்கொண்டிருக்கிறது என்றால் வங்குரோத்துத்தான் பிள்ளைகளுக்கு நல்லது. தவணைக்காகப் பிள்ளைக் காசையே 5 வருடம் கரைப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

மூன்றாவது வழி நாங்கள் இங்கிருந்து சொல்வது: "காசை எங்களுக்கு அனுப்பு, அம்மாவின்ர பேரில போட்டு வைப்பம்." தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். பாதுகாப்பாக இருந்த காசை நாமே சந்தேகத்துக்குரிய காசாக்குகிறோம். கடைசி 12 மாதத்தில் உறவினருக்குத் திருப்பிக் கொடுத்த கடனை டிரஸ்டி கிளறலாம். உறவினருக்குச் சும்மா கொடுத்த சொத்தை 5 வருடம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். ஒளித்தது தெரிந்தால் அது குற்றம். அண்ணனிடம் சீட்டுக் காசு வாங்கியிருந்தால் அண்ணனும் கடன் கொடுத்தவர்களில் ஒருவர்தான். அவருக்கு மட்டும் இரகசியமாக முதலில் கொடுக்க முடியாது.

அனுமதி பெற்ற டிரஸ்டி ஒருவரால்தான் வங்குரோத்து, புரபோசல் இரண்டையும் பதிய முடியும். "உங்களுக்காகப் பேசித் தருகிறோம்" என்று இடையில் காசு வாங்கும் ஆலோசகர் தேவையில்லை. இன்னொன்று: கணவன் மனைவி இருவரும் வருடாந்த வரிப் பத்திரத்தை நேரத்துக்குப் போட வேண்டும். கடன் பயத்தில் வரிக் கடிதங்களைத் திறக்காமலே விட்டால், கடன்காரர் தொட முடியாத பிள்ளைக் காசு அந்த ஒரு காரணத்தால் நின்றுபோகும்.