தாட்பூட் பழ கிரீன் டீ: மணம் ஓய்ந்த பின் இலை எப்படி?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி தேயிலைக் கடைகளில் பழ வாசனை ஏற்றிய கிரீன் டீக்கென்றே இப்போது தனி அலமாரி இருக்கிறது. பீச், பிளம்ஸ், ஸ்ட்ராபெரி, எலுமிச்சை எல்லாம் அதில் உண்டு. மலைக்காரர்களுக்கு இவற்றில் நெருக்கமானது வேலியில் படரும் தாட்பூட் பழம், அதாவது பேஷன் ஃப்ரூட்தான். குன்னூரில் வாங்கிய அந்த ரகத்தின் 100 கிராம் பொட்டலம் பற்றியது இந்த மதிப்பீடு.

முதலில் ஒரு பிடியை வெள்ளைத்தாளில் கொட்டிப் பரப்பவும். இலை நன்றாக முறுக்கேறி, கரும்பச்சையாக இருக்கிறது, காம்பு குறைவு. கூடவே சின்னச் சின்ன ஆப்பிள் துண்டுகள், ஆரஞ்சுத் தோல், மஞ்சள் செண்டுமல்லி இதழ்கள். தாட்பூட் பழத்தை மட்டும் எங்கும் காணோம். இதில் மோசடி எதுவும் இல்லை. அந்தப் பழம் முழுக்கச் சாறும் விதையும். துண்டு போட்டுக் காயவைக்க அதில் சதை கிடையாது. மணம் முழுவதும் இலைமேல் தெளித்த வாசனை எண்ணெயிலிருந்து வருகிறது, ஆப்பிள் துண்டு அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. வாசனை சேர்த்திருப்பதை உறையில் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். அது இல்லாத பொட்டலத்தை வாங்க வேண்டாம். இதழ்கள் பார்வைக்கு மட்டும்தான், சுவையில் அவற்றுக்குப் பங்கு இல்லை.

அளவில்தான் பலர் சறுக்குவார்கள். பழத்துண்டு கனம், இலை லேசு. பொட்டலம் அசைய அசையத் துண்டும் தூளும் அடியில் தங்கிவிடும். மேலாக அள்ளினால் வெறும் இலை வரும், கடைசிப் பத்து கோப்பைக்குத் தூளும் தோலும்தான் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் பொட்டலத்தைப் படுக்கவைத்து உருட்டிவிட்டு அள்ள வேண்டும். ஸ்பூன் கணக்கைவிடச் சின்னத் தராசு மேல். வெறும் கிரீன் டீக்கு 200 மில்லிக்கு 2 கிராம் போதும். இதில் பழத்தின் எடையும் சேர்வதால் 2.5 கிராம் வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு பொட்டலத்துக்கு 40 கோப்பை.

தண்ணீர் 80 டிகிரி, ஊறும் நேரம் 2 நிமிடம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கொதித்ததை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றி ஊற்றினாலே 80ஐ நெருங்கிவிடலாம். கோவையிலோ சென்னையிலோ இதைப் போடுகிறவர்கள் அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து, நாலைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இலையின் துவர்ப்புப் பொருள்களான கேட்டச்சின்களும் காஃபீனும் சேர்ந்து இறங்கிக் கசக்கும். இதில் ஆரஞ்சுத் தோலின் கசப்பும் கூடுவதால் மூன்றாவது நிமிடத்திலேயே நாக்கு சுருக்கும்.

சரியாகப் போட்டால் வெளிர் பொன்மஞ்சள் நிறம். கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும்போதே தாட்பூட் மணம் பலமாக அடிக்கிறது, தேவைக்குச் சற்று அதிகமாகவே. ஆனால் வாயில் புளிப்பு இல்லை. நல்ல பழத்தை வெட்டிச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எண்ணெய் மணத்தைத் தருமே தவிர அமிலத்தைத் தராது. நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சுவையும் மணமும் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. நிறம் கொஞ்சம் வெளுக்கும், அது இயல்பு.

இந்தக் கலவையின் தரம் தெரிவது இரண்டாவது முறை ஊற்றும்போதுதான். அதே இலையில் 85 டிகிரி நீர், இரண்டரை நிமிடம். முதல் தண்ணீரிலேயே எண்ணெய் பெரும்பாலும் போய்விடுவதால் இப்போது இலை தனியாகப் பேச வேண்டும். மட்டமான இலை என்றால் வைக்கோல் வாடையும் தட்டையான கசப்பும்தான் மிஞ்சும். பழ வாசனையைப் போட்டு மூடுவது பெரும்பாலும் அதைத்தான். இந்தப் பொட்டலத்தில் அப்படி இல்லை. லேசான துவர்ப்பு, பூவை ஒட்டிய மணம், தொண்டையில் தங்கும் இனிப்பு. டிசம்பர், ஜனவரி பனியில் மெதுவாக வளரும் கொழுந்தின் தெளிவு இதில் கிடையாது, ஆனாலும் நேர்மையான நீலகிரி இலை. இவ்வளவு நல்ல இலைக்கு இத்தனை எண்ணெய் தேவையே இல்லை. பாதியாகக் குறைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

சூடாகக் குடிப்பதைவிடக் குளிர்ந்த நீரில் ஊறவைப்பதுதான் இதற்கு மிகவும் பொருந்துகிறது. அரை லிட்டர் தண்ணீருக்கு 6 கிராம், ஃப்ரிட்ஜில் 7 மணி நேரம், பிறகு வடிகட்டவும். குளிர்நீரில் கசப்பு குறைவாக இறங்கும், ஆப்பிள் துண்டும் ஊறி இனிப்பு விட நேரம் கிடைக்கும். சர்க்கரை வேண்டாம். பால் எதிலும் கூடாது. தொட்டுக்கொள்ள உப்பு வர்க்கி சரி. இனிப்பு வர்க்கி சேர்ந்தால் டீ சப்பென்று ஆகிவிடும்.

வாங்கும்போது கடையையும் பார்க்க வேண்டும். நம் மலைக் கடைகளில் தேயிலைக்குப் பக்கத்திலேயே நீலகிரித் தைலமும் சாக்லேட்டும் அடுக்கியிருப்பார்கள். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். காகித உறைக்குள் தைல நெடி ஏறிவிட்டால் எடுக்கவே முடியாது. உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய, கண்ணாடிச் சன்னல் இல்லாத உறையாகக் கேளுங்கள். வெளிச்சம் பட்டால் பச்சை இலை பழுப்பாகி மணம் கெடும். வீட்டில் பிரித்ததும் ஓர் ஆப்பிள் துண்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று ஒடிய வேண்டும். தோல்போல வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது, அந்த ஈரம் இலைக்கும் போயிருக்கும். மழை மாதங்களில் 100 கிராமை ஒரே டப்பாவில் வைத்துத் திறந்து மூடாமல், இரண்டு சிறிய டப்பாக்களில் பிரித்து, ஒன்றைத் தீர்த்த பிறகு மற்றதைத் திறக்கவும்.