நல்லதை நம்புவதா, கெட்டதைக் கணக்கிடுவதா?

மாரி நெற்செய்கையான கால போகம் நெருங்கினால் கிளிநொச்சிப் பக்கத் தேநீர்க் கடைகளில் இரண்டு குரல்கள்தாம். "இம்முறை இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயும்" என்பவர் ஒருவர். "அறுவடை நேரம் மழை வந்து கெடுக்கும்" என்பவர் மற்றவர். யார் பக்கம் சாய்வது? செலவு, விழுந்தும் நிலைத்து நிற்பது, மனதுக்கு இலகு என்ற மூன்றிலும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

செலவு: முன்னவர் விதைநெல் முழுவதையும் ஒரேயடியாக விதைத்துவிடுவார். பின்னவர் ஒரு மூட்டையை ஒதுக்கி வைப்பார். மழைக்கு முன்பே மண்வெட்டியோடு இறங்கி வாய்க்காலைத் துப்புரவாக்குவார். இவரை எதிர்மறைக்காரர் என்று தள்ளிவிட முடியாது. தவறக்கூடியதை முன்கூட்டியே எண்ணிப் பதற்றத்தை வேலையாக மாற்றும் இந்தப் பழக்கத்தை, ஜூலி நோரெம், நான்சி கான்டர் என்ற உளவியலாளர்கள் 1986இல் 'தற்காப்பு அவநம்பிக்கை' என்று ஆராய்ந்தார்கள். இத்தகையவரைத் தேற்றினால் செயல்திறன் குறைவதையும் கண்டார்கள்.

நிலைப்பு: வெள்ளம் வடிந்த மறுநாளே வயலுக்குப் போகிறவர் பெரும்பாலும் முன்னவர்.

இலகு: முன்னவருக்குத் தூக்கம் வரும். பின்னவரின் வீட்டாருக்கும் வராது!

உண்மையான எதிர்மறை இரண்டிலும் சேராது: "என்ன செய்தும் பயனில்லை" என்று வரம்பைக்கூடப் பார்க்காமல் கதிரையில் சாய்ந்திருப்பது.

ஒருமுறை விழுந்து எழ முடியாமல் இருப்பவருக்கு முன்னவரின் துணை வேண்டும். கடன் வாங்கி விதைப்பவர் பின்னவர் சொல்வதைக் கேட்கட்டும்; பயிர்க் காப்புறுதியையும் விசாரிக்கட்டும்.