அம்மாவின் மாத்திரை உறையில் 0-0-1

டிசம்பரில் டொராண்டோவிலிருந்து கும்பகோணம் போயிருந்தபோது, அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைக்காக இரண்டு மருந்துக்கடைகளின் படியேற நேர்ந்தது. மருத்துவர் சீட்டில் ‘தினம் ஒன்று’ என்று மட்டுமே எழுதியிருந்தார். முதல் கடையில் இருந்த இளைஞர் பத்து மாத்திரைகளைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டு, மேலே 0-0-1 என்று எழுதினார்; காலையும் மதியமும் வேண்டாம், இரவில் ஒன்று என்று அதற்குப் பொருள். அம்மா இதுவரை காலையில்தான் போட்டு வந்தார் என்றேன். “பிரஷர் மாத்திரையை ராத்திரி போட்டால்தான் நல்லது” என்றார்.

அடுத்த நான்கு இரவுகளும் அம்மா மூன்று மூன்று முறை எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போய் வந்தார். எழுபத்து நான்கு வயதில் அந்த ஈரத் தரையில் விழுந்திருந்தால் என்ற நினைப்பே எனக்கு இன்னும் பதைப்பைத் தருகிறது.

இரண்டாவது கடையில் மருந்தாளுநரே இருந்தார். அந்த அம்மையார் அட்டையைத் திருப்பி, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் டெல்மிசார்ட்டானுடன், சிறுநீரைக் கூட்டும் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. சேர்ந்திருப்பதைப் பொடி எழுத்தில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, “ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டார். சிறுநீரைக் கூட்டும் அந்த மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கும் என்பதால் காலையே அதற்கு உகந்தது என்றும், இன்றிரவு போடாமல் நாளைக் காலையில் தொடங்கி, மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்றும் விளக்கினார்.

பிரிட்டனில் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் டண்டீ பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையைக் காலையில் போட்டாலும் மாலையில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் வேறுபாடு தெரியவில்லை என்பதைச் சொன்னேன். “அதனால்தான் யாருக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கிறேன்” என்றார். டொராண்டோவுக்கும் இங்கும் உள்ள பத்தரை மணி நேர வித்தியாசத்தில் வேளை குழம்பியிருந்த என் இரத்த அழுத்த மாத்திரையான ஆம்லோடிபினைப் பற்றியும் கேட்டேன். அது உடலில் வெகுநேரம் தங்குவதால் சில மணி நேரம் முன்பின் ஆவதில் பயமில்லை, இரண்டாகச் சேர்த்துப் போடுவதுதான் கூடாது என்றார்.

பதிவு பெற்ற மருந்தாளுநரோ அவரது நேரடி மேற்பார்வையில் உள்ளவரோதான் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பது சட்டம். முதல் கடையின் சுவரிலும் பதிவுச் சான்றிதழ் தொங்கியது. அதற்குரியவர் மட்டும் நான் போன நேரத்தில் கடையில் இல்லை.